கடைசிப் பங்கு

அந்த வீட்டில் எதையும் மூடி வைத்துப் பிரயோஜனமில்லை. மூடி நகரும் சத்தம் கேட்டால் போதும், மொட்டை மாடியில் இருந்தாலும் மூன்று பிள்ளைகளும் தடதடவென்று இறங்கி வந்துவிடுவார்கள். அம்மா பிஸ்கட் டப்பாவை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துப் பார்த்தாள். மறுநாள் டப்பா பத்திரமாக அங்கேயே இருந்தது, பிஸ்கட்தான் இல்லை. அலமாரியின் உச்சித் தட்டில் ஏற்றினாள். நாற்காலி மேல் முக்காலி போட்டு ஏறி அதையும் தீர்த்துவிட்டு, முக்காலியை இறக்கி வைக்க மறந்துபோனார்கள். கடைசியாகத் தையல் மிஷின் மூடிக்குள் வைத்தாள். மறுநாள் காலையில் மிஷினை மிதித்தபோது ஊசிக்கு அடியிலிருந்து பிஸ்கட் தூள் உதிர்ந்தது.

"வயிறா இது, கிணறா? கிணறுகூட மழை பெஞ்சா நிரம்பும்!" என்று கத்துவாள்.

"பசிக்குதும்மா!" என்று பதில் வரும். எந்த வாயிலிருந்து வந்தது என்று அவள் திரும்பிப் பார்த்ததில்லை. பார்க்க நேரம் இருந்ததில்லை.

தெருவில் அவளுக்கு டேப்பக்கா என்று பெயர். பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை. அளவு டேப் கழுத்தை விட்டு இறங்காது. ஒரு கல்யாணத்துக்கு நல்ல உடை உடுத்தி, சங்கிலி போட்டு, சங்கிலிக்குப் பக்கத்தில் டேப்பும் தொங்கப் போய்ச் சேர்ந்தவள் அவள். படம் பிடித்தவர் சொன்ன பிறகுதான் கழற்றிப் பைக்குள் போட்டாள். கடை வாசலில் ஒரு பிள்ளை வந்து நின்றால் டேப்பைத் தொடாமலேயே இடுப்பளவைச் சொல்லிவிடுவாள். பிறகு அளந்து பார்த்தால் அரை அங்குலம்கூடப் பிசகியிருக்காது. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அவள் கைவேலையில் எல்லாரும் மெச்சுவது கால் மடிப்பு. பாவாடையானாலும் பேன்ட் ஆனாலும் கீழே மூன்று விரல் துணியை உள்ளே விட்டு, ஒரு விரலுக்கு ஒரு மடிப்பாக மூன்று மடிப்புத் தைப்பாள். முதல் மடிப்புக்கு வெள்ளை நூல், இரண்டாவதற்கு மஞ்சள், மூன்றாவதற்குச் சிவப்பு. பிள்ளை வளர வளர ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு நூலைப் பிரித்துவிட்டால் போதும், வருஷம் முழுக்க ஒரே உடுப்பு ஓடும். "இதுல மூணு விடுமுறை உள்ள இருக்கு" என்று சொல்லித்தான் உடுப்பைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பாள்.

புருஷன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். மற்ற நாளெல்லாம் போனில்தான் குடும்பம் நடத்துவான். "என்ன, அரிசி மூட்டையாவது மிச்சம் இருக்கா, சாக்கையும் தின்னுட்டாங்களா?" என்று கேட்டுச் சிரிப்பான். அவனுக்கென்ன, சிரிப்பான். சாக்கைத் தவிர எல்லாவற்றையும் வாங்கிச் சுமந்து வருவது அவள்.

பெரியவளுக்குப் பதினாலு வயது. பள்ளி வாலிபால் அணியில் இருக்கிறாள். பந்தைத் தரையில் போடாமலேயே ஒரு கையால் சோற்றுப் பானையைத் திறக்கத் தெரிந்தவள். கடைக்குட்டிக்கு எட்டு வயது. அது நடந்து யாரும் பார்த்ததில்லை, அடுப்படியிலிருந்து வாசலுக்குக்கூடக் கயிறு தாண்டித்தான் போகும். நடுவில் பதினோரு வயதில் ஒரு பையன். தெருப் பிள்ளைகள் ஓடினால் அவன் முன்னால் ஓடுவான். இந்த மூன்றையும் வயிறு நிரம்பத் தூங்க அனுப்புவதுதான் டேப்பக்காவின் வாழ்க்கை என்று சொன்னால் மிகையில்லை. அவள் உட்கார்ந்து சாப்பிட்டதை யாரும் பார்த்ததில்லை. நின்றபடி, கரண்டியிலேயே, பானையில் ஒட்டியிருப்பதைச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டே மறுநாளைக்குப் பருப்பு இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பாள். இருக்காது.

சாப்பாடு சண்டையாகத்தான் தொடங்கும். ஒருநாள் ஒரு ஆம்லெட்டுக்காகப் பெரியவளும் குட்டியும் தலைமுடியைப் பிடித்துக்கொண்டபோதுதான் அவளுக்குக் கடை வழக்கம் நினைவுக்கு வந்தது. கடையில் நாள் முடிவில் மிஞ்சும் வெட்டுத் துணியை அவளும் கட்டிங் மாஸ்டரும் பகிர்ந்துகொள்வார்கள். ஒருவர் வெட்டினால் மற்றவர் முதலில் எடுக்க வேண்டும். வெட்டுகிறவருக்கு மிஞ்சியதுதான் என்பதால் கத்திரி தானாகவே நேராக ஓடும். பதினைந்து வருஷத்தில் ஒரு சண்டை வந்ததில்லை.

அதையே வீட்டுக்குக் கொண்டுவந்தாள். "யாரு பங்கு போடறாங்களோ அவங்க கடைசியா எடுக்கணும். அவ்வளவுதான். இனிமே யார் முடியையும் யாரும் பிடிக்கக் கூடாது."

முதல் வாரம் முறை வைத்துப் பங்கு போட்டார்கள். பெரியவள் கோணல்மாணலாக வெட்டினாள். குட்டி வெட்டுவதற்கு முன்பே கத்தியை நக்கியது. நடுப்பையன் வெட்டினால் மட்டும் தராசில் போட்டது போல இருந்தது. நாலு வாழைப்பழம் இருந்தால் ஆளுக்கு ஒன்று போக நாலாவதை மூன்றாக்கி, நுனிப் பக்கம் மெலிந்திருப்பதால் அந்தத் துண்டைக் கொஞ்சம் நீளமாக வெட்டுகிற பிள்ளை. அடுத்த வாரமே அவனுக்கு ஜட்ஜு என்று பெயர் விழுந்துவிட்டது. முறை வைப்பதும் நின்றுபோனது. சண்டையும் ஓய்ந்தது. டேப்பக்கா கடையில் போவோர் வருவோரிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். பிள்ளை வளர்ப்பில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு வருஷம் நிம்மதியாக நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம்.

பெரிய விடுமுறை முடிய இன்னும் பத்து நாள். அந்த நேரத்தில் சீருடைக் கடையில் மூச்சுவிட இடமிருக்காது. காலை ஏழு மணிக்கு மதியச் சாப்பாட்டையும் சேர்த்துச் செய்து வைத்துவிட்டு ஓடினால் சாயங்காலம்தான் வீடு. அன்று ஒரு மணி நேரம் முன்னாலேயே எழுந்து, தன் பிள்ளைகளின் உடுப்பைப் பிரித்துவிட உட்கார்ந்தாள். பெரியவள் பாவாடையில் மூன்று நூலும் எப்போதோ போய்விட்டன. ஒட்டுத் துணி வைத்தால்தான் முழங்காலை மறைக்கும். குட்டியுடையதில் சிவப்பு மட்டும் பாக்கி. நடுப்பையன் பேன்ட்டைத் திருப்பினாள். வெள்ளை, மஞ்சள், சிவப்பு, மூன்றும் தைத்தது தைத்தபடி இருந்தன.

'அப்பாடா, ஒரு வேலை மிச்சம்' என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. பேன்ட்டை மடித்து வைத்துவிட்டு, ஆறு முட்டை உடைத்து ஊற்றி ஒரு பெரிய ஆம்லெட் தட்டினாள். பக்கத்தில் ஒரு முழு ரொட்டி, நாலு வாழைப்பழம். "ஜட்ஜு, மத்தியானம் பாத்துக்கடா" என்று தூக்கத்தில் கிடந்தவனிடம் சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினாள்.

பதினொன்றரை மணிக்கு ஒரு அம்மா தன் பையனை இழுத்துக்கொண்டு வந்தாள். "அக்கா, ரொம்பத் துணி விட்டுத் தெக்காதீங்க. போன வருஷம் தெச்சதே இவனுக்கு இன்னும் தொளதொளன்னு இருக்கு."

டேப்பக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. "ஒரு வருஷத்துல ஒரு விரல்கூட வளராத பிள்ளை உண்டாம்மா? உடுப்பு பத்தாமப் போகலேன்னா அது தையல்காரி குத்தமில்ல. வீட்டுக்குப் போயி அடுப்படியைப் பாருங்க" என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்த அம்மாவின் முகம் சுண்டிப்போனது. டேப்பக்கா அதைப் பார்க்கவில்லை. சாக்கட்டி பிடித்த கை துணிமேல் அப்படியே நின்றிருந்தது. வெள்ளை, மஞ்சள், சிவப்பு.

மேசைக்கு அடியிலிருந்து அளவு நோட்டை இழுத்துப் புரட்டினாள். போன வருஷம், 'நம்ம வீடு' என்று எழுதிய பக்கம். பெரியவள் அளவு, நடுவுலவன் அளவு, குட்டி அளவு. இந்த வருஷத்துக்கு மூன்று பேரையும் அவள் அளக்கவே இல்லை. ஊர்ப் பிள்ளைகளை அளந்தே பொழுது போயிற்று. முதல் விடுமுறையில் "பேன்ட் கட்டையா இருக்காடா?" என்று கேட்டிருந்தாள். "இல்லம்மா, சரியா இருக்கு." இரண்டாவது விடுமுறையிலும் அதே கேள்வி, அதே பதில். குறை சொல்லாத பிள்ளை என்று அப்போது சந்தோஷம்கூடப் பட்டாள்.

நோட்டை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு நடந்தாள்.

"எங்கம்மா போற? பையன் நிக்கிறான்!" என்றார் கட்டிங் மாஸ்டர்.

"நீங்க அளவெடுத்துடுங்க மாஸ்டர்."

"எதை வெச்சு? டேப்பை நீதானே தூக்கிட்டுப் போற!"

அது அவள் காதில் விழவில்லை. கடையிலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிஷ நடை. அன்று எத்தனை நிமிஷமானது என்று அவளுக்கே தெரியாது. கூட்டத்தில் யாரையோ இடித்தாள், திட்டு வாங்கினாள், திரும்பிப் பார்க்கவில்லை. வயிற்றில் பூச்சியா? ஏதாவது நோயா? நோயென்றால் இப்படி ஓடுவானா? போன மாதம் மாடிப்படியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தானே, வெயில் என்று சொன்னானே, நாமும் வெயில் என்றே நினைத்தோமே.  தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

அடுப்படி ஜன்னல் சந்துப் பக்கம் இருந்தது. வாசலுக்குப் போகுமுன் அதைக் கடக்க வேண்டும். உள்ளே குரல் கேட்டதும் கூப்பிட வாயெடுத்தவள், கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள்.

பையன் ஆம்லெட்டின் நடுவில் கத்தியை வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, மூன்றாக வெட்டினான். ரொட்டித் துண்டுகளை எண்ணி மூன்றாகப் பிரித்தான். அப்பழுக்கில்லாத பங்கு. பெரியவள் எடுத்தாள். குட்டி எடுத்தது. கடைசியாக அவன் எடுத்தான். எல்லாம் அம்மா சொன்ன முறைப்படிதான் நடந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்றவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அவன் இரண்டாவது வாய் வைப்பதற்குள் பெரியவள் தட்டு காலி. "ஜட்ஜு, சாயங்காலம் பயிற்சி இருக்குடா. பசி அடங்கவே இல்ல."

அவன் தன் ஆம்லெட்டில் ஒரு துண்டைப் பிய்த்து அவள் தட்டில் வைத்தான்.

"அக்காவுக்கு மட்டும் ஏன்?" என்று குட்டி கத்தியது. நியாயம்தானே? அக்காவுக்குக் கொடுத்த துண்டு எவ்வளவு என்று ஒரு முறை பார்த்துவிட்டு, அதே அளவு குட்டிக்கும் வைத்தான். கூடவே ஒரு ரொட்டித் துண்டும் போயிற்று. ஒன்று போனால் அக்காவுக்கும் ஒன்று போக வேண்டும், போயிற்று. வாழைப்பழமும் அதே வழியில் போனது. கடைசியில் அவன் தட்டில் இரண்டு வாய் ரொட்டி இருந்தது. அதைத் தின்றுவிட்டுக் குழாயடிக்குப் போய் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தான். கத்தியைக் கழுவித் துடைத்து வைத்தான்.

இது இன்றைக்கு மட்டும் நடந்ததில்லை என்பது அந்தக் கைகளைப் பார்த்தாலே தெரிந்தது. மூன்று பேருக்கும் பழகிப்போன வேலையாக, ஒருவரையொருவர் பார்க்காமலே செய்தார்கள். ஒரு வருஷம். சமமாகப் பங்கு போட ஒரு சட்டம் போட்டுவிட்டு, பங்கு போட்ட பிறகு நடப்பதைப் பார்க்க ஒரு நாளும் அவள் அங்கே உட்காரவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அந்த நேரத்தில் அம்மாவைக் கண்டதும் மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். பையனைத் தன் பக்கம் இழுத்து, இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டாள். போன வருஷம் இருபத்து நாலு. டேப் இருபத்து மூன்றில் வந்து சேர்ந்தது. டேப்பைக் கழற்றி மறுபடி போட்டாள். இருபத்து மூன்றுதான்.

"என்னம்மா, புதுசு தெக்கப் போறியா?" என்றான்.

"உனக்குப் பசிக்காதாடா?"

"பசிக்கும்."

"அப்புறம் ஏன் எல்லாத்தையும் குடுத்தே?"

"அவங்க கேட்டாங்க."

"நீயும் கேக்க வேண்டியதுதானேடா!" குரல் தெருவரை கேட்டிருக்கும்.

அவன் கோபப்படவில்லை. கணக்கில் ஒரு சந்தேகம் கேட்பவன் போல அவளைப் பார்த்தான். "யார்கிட்டம்மா கேக்கறது? பங்கு போடறதே நான்தானே."

டேப்பக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வீட்டில் பட்டப்பகலில் அவள் உட்கார்ந்தது அன்றுதான். பெரியவள் அழ ஆரம்பித்தாள். "அவன் குடுத்தான், நான் சாப்பிட்டேன். எனக்கு எப்படிம்மா தெரியும்?" அவளைத் திட்டவும் வாய் வரவில்லை. உண்மையாகவே அவளுக்குப் பசித்தது, அவள் கேட்டாள். குட்டிக்குப் பசித்தது, அதுவும் கேட்டது. அந்த வீட்டில் குற்றவாளி என்று யாரையாவது நிறுத்த வேண்டுமானால், கழுத்தில் டேப் போட்டவளைத்தான் நிறுத்த வேண்டும்.

அன்றைக்கே அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். எடை பார்த்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். "நோய் ஒண்ணுமில்ல. ரத்தம் கொஞ்சம் கம்மி. நல்லாச் சாப்பிடச் சொல்லுங்க" என்றாள் நர்ஸ். சொல்வது சுலபம்.

மறுநாள் கடைக்குப் போய், "மத்தியானம் ஒரு மணி நேரம் நான் கிடையாது மாஸ்டர்" என்றாள்.

"சீசன் நேரத்துல விளையாடறியா?"

"நீங்களே ஒரு டேப் வாங்கி வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

வீட்டில் கத்தி அவள் கைக்கு வந்தது. சட்டமும் மாறியது. அம்மா பங்கு போடுவாள், ஜட்ஜு முதலில் எடுப்பான், எடுத்ததை யாரும் யாருக்கும் கொடுக்கக் கூடாது. பெரியவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

முதல் நாள் வெட்டியபோது அவள் வேண்டுமென்றே கோணலாக வெட்டினாள். ஒன்று பெரிது, ஒன்று நடுத்தரம், ஒன்று சிறியது. "எடுடா." அவன் கை தயங்காமல் சிறியதற்குப் போனது.

அடுத்த நாள் பெரிய துண்டை இன்னும் பெரிதாக்கி அவனுக்கு நேராகத் திருப்பி வைத்தாள். அவன் கை தட்டைச் சுற்றிப் போய்ச் சிறியதை எடுத்தது. அவளே எடுத்துத் தட்டில் வைத்துக் கொடுத்துவிடலாம், சாப்பிடுவான். ஆனால் தன் கையால் எடுக்க மாட்டான் என்றால், பள்ளி திறந்த பிறகு இவனை யார் பார்ப்பது? மூன்றாம் நாளும் அப்படித்தான். நாலாம் நாளும் அப்படித்தான். கடையில் அவள் துணியைக் குறி தப்பி வெட்டினாள். மாஸ்டர் என்னவோ கேட்டார், இவள் என்னவோ சொன்னாள். போனில் புருஷன் பழைய வேடிக்கையைத் தொடங்கியதும், "சிரிக்காதீங்க" என்றாள். பிறகு நடந்ததைச் சொன்னாள். அந்தப் பக்கம் லாரியை ஓரம் கட்டி நிறுத்தும் சத்தம் கேட்டது. "நான் வர்ற வரைக்கும் அவன் பக்கத்துலயே உக்காரு" என்றான் கடைசியில்.

பள்ளி திறக்க இரண்டு நாள் இருந்தபோது, மதியம் மறுபடி ஆம்லெட். ஊரிலேயே நேராகத் துணி குறிக்கிறவள் என்று பெயரெடுத்தவள், முக்கால்வாசியை ஒரே துண்டாக விட்டு, மிச்சத்தை இரண்டாகக் கிழித்து வைத்தாள். பார்க்கவே அசிங்கமாக இருந்தது.

"இது என்னம்மா பங்கு?" என்றாள் பெரியவள்.

"எடுடா" என்றாள் அம்மா.

பையனின் கை சிறிய துண்டின் மேல் போய் நின்றது. காலையிலிருந்து தெரு முழுக்க ஓடிவிட்டு வந்த பிள்ளை. ஆம்லெட்டில் ஆவி பறந்தது. அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் ஜன்னலைப் பார்ப்பது போல இருந்துகொண்டாள். கை மெதுவாக நகர்ந்து பெரிய துண்டுக்கு மேலே வந்தது.

"டேய், அது எனக்கு!" என்று பெரியவள் கையை நீட்டினாள்.

"நான்தான் முதல்ல!" என்று கத்தினான் அவன். அந்த வீட்டில் அவன் சத்தம் போட்டு அம்மா கேட்டதே இல்லை. துண்டைத் தூக்கி, தட்டில்கூட வைக்காமல், இரண்டு கையாலும் பிடித்து ஒரு கடி கடித்தான். வாய் கொள்ளவில்லை. கன்னம் இரண்டும் உப்பிவிட்டன.

"அம்மா, இவன் பெருசை எடுத்துட்டான்!" "அம்மா, எனக்கு இத்துனூண்டு!" பெரியவளும் குட்டியும் போட்ட கூச்சலில் பாத்திரம் அதிர்ந்தது.  அம்மா டேப்பின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவன் மென்று விழுங்கி முடித்தான். விரலைச் சூப்பினான். பிறகு, மற்ற இரண்டு பேரும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்பது போல, சர்வசாதாரணமாகக் கேட்டான்.

"அம்மா, இன்னும் இருக்கா?"

இல்லை. இருந்த முட்டையெல்லாம் அந்த ஆம்லெட்டில்தான் போயிருந்தது. கடைக்குத் திரும்ப வேண்டிய நேரமும் தாண்டிவிட்டது.

"இருக்குடா, உக்காரு" என்று சொல்லிவிட்டு, பெரியவளை முட்டை வாங்க விரட்டி, அடுப்பை மறுபடி பற்ற வைத்தாள்.